கீழே மூன்று பதில்கள்

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. முப்பத்தைந்து வயது ஆம்பளையை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. உன் ஆபீசில் யாரும் எட்டிப் பார்த்து இதைப் படிக்கப்போவதில்லை.

நான் சுகம். அதாவது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கதவைப் பூட்டுகிறேன். உன் அப்பா போய் மூன்று மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. உன் சித்தி இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். "வாய்விட்டு அழுதுடுக்கா, உள்ளேயே வெச்சுக்காதே" என்கிறாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே எடுப்பதற்கு? பல் பிடுங்க ஊசி போட்டபிறகு நம் உதட்டையே தொட்டால் யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, முழு உடம்பும் அப்படித்தான் இருக்கிறது.

போன ஞாயிறு நீ போனில் கூப்பிட்டபோது நாம் பேசியது நாலு வார்த்தை. மீதி நேரம் நீ மூச்சு விடுவதை நானும், நான் விடுவதை நீயும் கேட்டுக்கொண்டிருந்தோம். இனி எழுதிக்கொள்ளலாம் என்று நீ சொன்னதுதான் சரி. ஆனால் தபால் உன்னிடம் வந்து சேருவதற்குள் நான் எழுதியது எனக்கே மறந்துவிடும்.

அதனால் நீ விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனதைச் செய்துவிட்டேன். "ஒரு வருஷம் போகட்டும்மா. அதுக்குள்ள கம்ப்யூட்டர் கத்துக்கோ. விசா விண்ணப்பமெல்லாம் அதுலதான். நீயே போடு, கிளம்பி வந்துடு, என்கூடவே இரு" என்றாயே. நம் பொது நூலகத்தில் பெரியவர்களுக்கு வியாழக்கிழமைதோறும் இலவச வகுப்பு நடக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் காலமெல்லாம் படுக்கை விரிப்பைத் தேய்த்தவளுக்கு இது வருமா என்று நூலகர் அம்மாவிடம் கேட்டேன். "விரல் இருக்கா? அப்போ வரும்" என்றார். பேச்சு அவ்வளவுதான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ அன்று சொன்னது நிஜமாகச் சொன்னதா, அழாமல் நிற்கிற அம்மாவைப் பார்த்துப் பயந்து வாய்க்கு வந்ததைச் சொன்னதா? எதுவானாலும் எழுது. இந்த வீட்டில் நான் பாட்டுக்கு இருந்துவிடுவேன். ஆனால் வருவதானால் வருகிற மாதிரி இருக்க வேண்டும்.

உன் அம்மா


ஜனவரி 30

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆபீசிலேயே பிரித்துப் படித்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நிஜமாகத்தான் சொன்னேன். என் வீட்டில் இரண்டாவது அறை சும்மாதான் கிடக்கிறது. ஒரு துணி காயப்போடும் கம்பி, கால் ஆடுகிற ஒரு நாற்காலி, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் தெருமுனைப் பஸ் நிறுத்தம் தெரியும். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று நாள் முழுக்க வம்பு பார்க்கலாம். உனக்குப் பொழுது போகும். அப்பா லிஃப்ட்மேன் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனபோது எடுத்து வந்த அந்த ஸ்டூலையும் கொண்டுவா. அவர் இத்தனை வருஷம் உட்கார்ந்ததை அங்கே விட்டுவிட்டு வராதே.

நானும் அழவில்லை அம்மா. கணக்குப் பிரிவில் எல்லோரும் வந்து கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கணக்கை எடுத்துவிட்டேன். உன் உதடு மாதிரிதான் எனக்கும்.

மின்னஞ்சல் முகவரியைத் தனித்தாளில் பெரிதாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் முதல் மெயில் என்று வருகிறதோ அன்றே பதில் போடுவேன். சத்தியம்.

உன் மகன்


பிப்ரவரி 20

அன்புள்ள வாலுக்க்க்கு,

இது மின்னஞ்சல். நானே அடிக்கிறேன். எழுத்து மூன்று மூன்றாக விழுந்தால் சிரிக்காதே. இஸ்திரிப் பெட்டியை அழுத்தி வைத்துப் பழகிய கை, தொட்டதும் எடுக்கத் தெரியவில்லை. நூலகர் அம்மா பின்னால் நின்று "எடுங்க, எடுங்க, எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தக் காலத்து மேஸ்திரி "அழுத்து, அழுத்து" என்று கத்துவார். எதைக் கேட்பது?

பக்கத்து நாற்காலியில் ரிட்டையரான லாரி டிரைவர் ஒருவர். என்டர் பட்டனை ஹாரன் அடிப்பதுபோல அடிக்கிறார். தன் பேத்திக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டு ஒரு நாள் அவளை அசத்தப்போகிறாராம். இன்றைக்கு அவர் அனுப்பிய கடிதம் அவருக்கே திரும்பி வந்துவிட்டது. "பரவால்ல, நமக்கும் ஒருத்தர் கடுதாசி போட்டாரு" என்று சந்தோஷப்பட்டார்.

உன் வார்த்தைப்படி இன்றே பதில் போடு. நான் வகுப்பு முடியும்வரை இங்கேதான் இருப்பேன்.

உன் அம்ம்மா


பிப்ரவரி 20

மிக்க மகிழ்ச்சி!


மார்ச் 19

அன்புள்ள வாலு,

அன்றைக்கு உன் பதில் வந்த வேகத்தைப் பார்த்து டிரைவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு என் பக்கம் வந்தார். "எம்புள்ளைங்க பக்கத்து ரூம்லேர்ந்து பதில் சொல்ல இதைவிட நேரமாகும்" என்றார். நூலகர் அம்மா அதைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். இவ்வளவு பெரிய தாளில் இரண்டே வார்த்தை. மடித்துப் பர்சில் வைத்திருக்கிறேன்.

குறை சொல்வதாக நினைக்காதே. இரண்டு வார்த்தையோடு மூன்றாவதாக அம்மா என்று ஒன்று சேர்த்திருக்கலாம். வேலை அவசரம் என்று தெரியும். போகட்டும்.

இப்போது எழுத்து இரண்டு மூன்றாக விழுவதில்லை, பார்த்தாயா? ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் தொட்டு உடனே விரலை எடுத்துவிடுகிறேன். ஒரு பக்கம் அடிக்க வகுப்பு நேரம் பூராவும் ஆகிறது. விரல் நுனி மரத்துப்போனதால் தொட்டேனா இல்லையா என்று எனக்குத் தெரிவதில்லை. திரையில் எழுத்து வந்தால்தான் தொட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

உன் அப்பாவின் சட்டைகளை எடுத்துப் பார்த்தேன். தேய்த்து மடித்து மறுபடியும் வைத்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. அப்படித் தோன்றாமல் இருப்பதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. உனக்கு எப்படி இருக்கிறது?

உன் அம்மா


மார்ச் 19

தகவலுக்கு நன்றி!


ஏப்ரல் 16

அன்புள்ள வாலு,

இந்த முறை அவசரமான விஷயம். கொஞ்சம் நின்று படி.

வீட்டுக்காரர் வந்திருந்தார். வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மறுபடியும் போடுவதானால் இரண்டு வருஷத்துக்குப் போட வேண்டுமாம். "இருக்கீங்களா, விடுறீங்களா, ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கேட்டுட்டு ஆள் நிக்குது" என்றார். இரண்டு வருஷம் நான் இங்கே எதற்கு? உன்னிடம் வரத்தானே போகிறேன். வீட்டை விட்டுவிட்டு, விசா வரும்வரை சித்தி வீட்டு ஹாலில் ஒரு ஓரமாக இருந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். சித்தி சரி என்கிறாள். சித்தப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் என்றைக்கு என்ன தெரிந்தது?

ஆனால் நாம் மூன்று பேரும் இருந்த வீடு. விட்டால் திரும்பக் கிடைக்காது. அதனால் என் இஷ்டத்துக்குச் செய்யமாட்டேன். விட்டுவிடட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா? நீ சொல்வதுதான் முடிவு.

உன் அம்மா


ஏப்ரல் 16

நல்ல யோசனை! அப்படியே செய்யலாம்.


மே 14

அன்புள்ள வாலு,

செய்துவிட்டேன்.

கட்டிலை சித்தியின் ஓரகத்தி எடுத்துக்கொண்டாள். அலமாரி மாடிப்படியில் இறங்கவில்லை, வீட்டுக்காரரே வைத்துக்கொண்டார். பாத்திரங்களை யார் யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கென்று ஒரு டிரங்குப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, அப்பாவின் ஸ்டூல். ஸ்டூலைப் பார்த்து சித்தப்பா, "இது எதுக்கு?" என்றார். "என் பையன் கொண்டுவரச் சொல்லியிருக்கான்" என்றேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, ராத்திரி வாசலைச் சாத்தும்போது அப்பா லிஃப்ட்டில் சொல்வதுபோல "கதவு மூடுது" என்பார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓடிவந்து உள்ளே குதிப்பாய். கடைசியாகப் பூட்டும்போது நானும் "கதவு மூடுது" என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். அழுகை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். வரவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வகுப்பில் விசா விண்ணப்பத்தைத் திறந்துவிட்டோம். என் பெயர், பிறந்த தேதி எல்லாம் நானே அடித்தேன். டிரைவர் தன் வேலையை விட்டுவிட்டு என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, அங்கே எங்கே தங்குவேன் என்று கேட்கிறது. உன் வீட்டு முகவரியும், அது உன் வீடுதான் என்பதற்கு ஒரு காகிதமும் வேண்டுமாம். அனுப்பிவை. அதோடு என் பக்கத்து வேலை முடிந்தது.

உன் அம்மா


மே 14

அருமை! வாழ்த்துகள்!


ஜூன் 11

வாலு,

முகவரி கேட்டேன். அருமை என்றாய். அவசரத்தில் சரியாகப் பார்த்திருக்கமாட்டாய் என்று சித்தியிடம் உனக்காகப் பேசினேன். மறுபடியும் கேட்கலாம் என்றுதான் இன்றைக்கு வந்தேன்.

இன்றைய பாடம், பதில் போடுவது. நூலகர் அம்மா எங்கள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினார். அடுத்த மாதம் முதல் வகுப்பை மாலைக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தார். நான் பதில் அடிக்க ஆரம்பித்தேன். "நீங்க டைப் பண்ணவே வேண்டாம்மா. கீழே பாருங்க, மூணு பதில் அதுவே எழுதி வெச்சிருக்கு. ஒண்ணைத் தொட்டா போதும், போயிடும். படிக்க நேரமில்லாதவங்களுக்காக வெச்சது" என்றார்.

பார்த்தேன். மிக்க மகிழ்ச்சி! தகவலுக்கு நன்றி! நல்ல யோசனை! அப்படியே செய்யலாம்.

அதே வார்த்தை, அதே ஆச்சரியக்குறி. டிரைவர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அனுப்பிவிட்டு, "அட, இதுக்கா இத்தனை மாசம் எழுத்தைத் தேடினோம்!" என்று சிரித்தார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பர்சில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

கோபமா என்றால் இல்லை. எனக்குத்தான் இப்போது எதுவும் வருவதில்லையே. நான் கேட்பது ஒன்றுதான். ஏப்ரல் மாதம் வீட்டை விடச் சொன்னது யார்? நீயா, இந்தப் பெட்டியா?

இதற்கு எதையும் தொட்டு அனுப்பாதே. எழுது.

அம்மா


ஜூன் 18

அன்புள்ள அம்மா,

இதை நானே அடிக்கிறேன். நீ நம்ப வேண்டும்.

வீட்டை விடச் சொன்னது நான் இல்லை. உன் ஏப்ரல் கடிதத்தை நான் இந்த வாரம்தான் படித்தேன். மார்ச், மே கடிதங்களையும் அப்படித்தான். திறப்பேன். அன்புள்ள வாலு என்ற வரியைப் பார்ப்பேன். அதற்குக் கீழே கண் போகாது. பதில் போடாவிட்டால் நீ பயப்படுவாய் என்று கீழே இருப்பதில் ஒன்றைத் தொட்டுவிட்டு மூடிவிடுவேன். எது கையில் பட்டதோ அது. நீ கேட்டதற்குப் பொருந்துகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

உன் முதல் மெயில் வந்த அன்று காலையில்தான் எனக்கு வேலை போனது. எங்கள் பிரிவையே எடுத்துவிட்டார்கள். மேசையில் இருந்ததை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது போனில் உன் கடிதம் வந்தது. அன்றே பதில் போடுவதாகச் சத்தியம் செய்திருந்தேன். அதனால் மிக்க மகிழ்ச்சி.

வீட்டை மார்ச்சிலேயே விட்டுவிட்டேன். உனக்கென்று சொன்ன அந்த அறையும் போய்விட்டது. இப்போது நாலு பேரோடு ஒரு அறையில் இருக்கிறேன். என் கட்டில் எனக்கு ராத்திரிக்கு மட்டும்தான். பகலில் அதில் ஒரு வாட்ச்மேன் தூங்குவார். காலையில் அவர் வந்து ஷூவைக் கழற்றும்போது நான் என் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கே போவேன் தெரியுமா? நூலகத்துக்கு. இங்கேயும் வகுப்பு நடக்கிறது அம்மா. வேலை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லித்தருகிறார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம். மூலையில் மிச்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், முடிந்தால் திரை தானாக அணைந்துவிடும். உனக்கு வந்த பதிலெல்லாம் இங்கே உட்கார்ந்து அனுப்பியவைதான், முதலாவதைத் தவிர.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் வராதே என்று சொல்ல வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் தனியாகவே இரு என்று என் வாயால் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் தள்ளிப்போடுகிறோம் என்பதுகூட உறைக்கவில்லை. உன்னைச் சித்தி வீட்டு ஹாலில் கொண்டுபோய் உட்காரவைத்தது நான்தான். அதைப் படித்தபோதும் என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் முகவரி கேட்கும் இடத்தை அப்படியே விட்டுவிடு. எனக்கு இப்போது முகவரி இல்லை. வீட்டுக்காரரிடம் ஒரு தரம் கேட்டுப் பாரேன், அந்த ஆள் இன்னும் குடிவராமல் இருந்தால்? என்னைத் திட்டு. நாலு பக்கத்துக்குத் திட்டி எழுது. ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

உன் மகன்


ஜூன் 25

பரவாயில்லை.


ஜூன் 25

அம்மா,

உன் பதில் இப்போதுதான் வந்தது. ஒரே வார்த்தை. மேலே வாலு இல்லை. கீழே அம்மா இல்லை.

முன்பு உன் எழுத்து இரண்டு மூன்றாக விழும். அப்படி விழுந்திருந்தால் நீ அடித்தது என்று தெரிந்துகொண்டிருப்பேன். நீதான் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாயே, அதனால் தெரியவில்லை.

போன வாரம் உனக்கு எழுதிய கடிதத்தை எடுத்து எனக்கே அனுப்பிப் பார்த்தேன். வந்தது. திறந்தேன். இந்த முறை கடைசிவரை படித்தேன். கீழே மூன்று பதில்கள் இருந்தன. கேட்டு வருந்துகிறேன். புரிகிறது. நடுவில், பரவாயில்லை.

உன் பதிலைத் திறந்து இதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

நீ தேடித்தேடி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு விரலை எடுத்து அடித்ததா அம்மா? இல்லை, தொட்டு அனுப்பியதா? எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டியதுதான். திட்டுகூட வேண்டாம். வீட்டைப் பற்றி, சித்தியைப் பற்றி, அந்த ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று எதுவும் எழுத வேண்டாம். இது ஒன்றை மட்டும் சொல்.

இன்றைக்கு வியாழன். நீ வகுப்பில்தான் இருப்பாய், எதிரே திரை இருக்கும். இது வந்து சேர்ந்ததும் பார்ப்பாய். மூலையில் என் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அணையும்வரை எழுந்திருக்கமாட்டேன்.

உன் வாலு